ஒரு சின்ன டிரக்கின் விலை வரலாறு: ஃபோர்டு மேவரிக், 2021 முதல் 2025 வரை

2021 ஜூன் மாதத்தில் ஃபோர்டு நிறுவனம் மேவரிக் என்ற சிறிய பிக்கப் டிரக்கை அமெரிக்கச் சந்தைக்கு அறிமுகப்படுத்தியபோது அதன் தொடக்க விலை 19,995 டாலர். அன்றைக்கு அந்த நாட்டில் விற்ற வேறு எந்தப் புதிய பிக்கப்பும் அந்த விலையின் பக்கத்தில்கூட நிற்கவில்லை. 2025 கோடையில் அதே மேவரிக்கின் அடிமட்ட வகைக்கு விலை 28,000 டாலரைத் தாண்டிவிட்டது. நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய 40 சதவீத உயர்வு.

பணவீக்கம் என்று ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிடப் பலருக்கும் ஆசை. கணக்கு இடம் கொடுக்கவில்லை. 2021 ஜூன் முதல் 2025 ஜூன் வரை அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு உயர்ந்தது சுமார் 19 சதவீதம். அதே வேகத்தில் மட்டும் ஏறியிருந்தால் மேவரிக்கின் விலை 23,800 டாலரை ஒட்டி நின்றிருக்கும். மேலே இருக்கும் நான்காயிரத்துச் சொச்சம் டாலர் எங்கிருந்து வந்தது? இந்த ஆய்வு துரத்துவது அந்தத் தொகையைத்தான்.

பிக்கப் விலை என்றால் எல்லோரும் எஃப்-150, சில்வராடோ, ராம் போன்ற பெரிய வண்டிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். முழு அளவு பிக்கப்பின் சராசரி விற்பனை விலை 2025-ல் 65,000 டாலரைத் தாண்டியது. எல்லாப் புதிய வாகனங்களையும் சேர்த்த சராசரியே அந்த ஆண்டு செப்டம்பரில்தான் முதன்முறையாக 50,000 டாலரைக் கடந்தது என்று வாகன விலைகளைத் தொகுக்கும் கெல்லி புளூ புக் நிறுவனம் கணக்குக் காட்டியது. ஆனால் பெரிய வண்டியில் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, மசாஜ் செய்யும் நாற்காலி என்று ஆயிரம் சமாதானங்கள் உண்டு. வாங்குகிறவர் சொகுசு கேட்டார், கொடுத்தோம் என்று கம்பெனிகள் சொல்லிவிடலாம். மேவரிக்கிடம் அந்தச் சாக்கு செல்லாது. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

வண்டி

முதல் ஆண்டு மேவரிக்கின் எக்ஸ்எல் என்ற அடிமட்ட வகையில் சக்கரங்கள் வெறும் இரும்பு. சாவியைத் துளையில் விட்டுத் திருகித்தான் கிளப்ப வேண்டும். வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் கிடையாது. திரை 8 அங்குலம். பின்னால் நான்கரை அடி நீளச் சரக்குத் தொட்டி. அதன் பக்கச் சுவர்களில் மரச்சட்டங்களைச் செருகி அறைகளாகப் பிரித்துக்கொள்ள வாகாகப் பள்ளங்களை வார்த்தே வைத்திருந்தார்கள். கடையில் வாங்கும் சாதாரணச் சட்டம் அந்தப் பள்ளத்தில் அளவாக உட்காரும். தொட்டியிலேயே ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள். அதை ஸ்கேன் செய்தால் சைக்கிள் தாங்கியையோ இழுப்பறையையோ சொந்தமாகச் செய்துகொள்ளும் வழி வரும். கம்பெனியின் உபகரணத்தை வாங்காதே, நீயே செய்துகொள் என்று ஒரு கார் நிறுவனம் சொல்வது அபூர்வம்.

இன்ஜின்தான் இன்னும் பெரிய ஆச்சரியம். 2.5 லிட்டர் ஹைப்ரிட் (பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்தது), 191 குதிரைத்திறன், நகரச் சாலையில் ஒரு காலனுக்கு 42 மைல். ஐந்து பேர் உட்காரலாம், 1,500 பவுண்டு ஏற்றலாம். வேறு கம்பெனிகள் ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் பணம் கேட்ட காலத்தில் இதில் அதுதான் அடிப்படை இன்ஜின். பெட்ரோல் டர்போ வேண்டுமென்றால்தான் கூடுதல் பணம்.

அறிமுகமான முதல் வாரத்திலேயே 36,000 பேர் முன்பதிவு செய்தார்கள். 2022 ஜனவரியில் அந்த ஆண்டு மாடலுக்கு ஆர்டர் எடுப்பதையே ஃபோர்டு நிறுத்திவிட்டது. 2023 மாடலுக்கு 2022 செப்டம்பரில் ஆர்டர் திறந்தபோது ஹைப்ரிட் ஒதுக்கீடு சில நாட்களிலேயே தீர்ந்துபோனது. ஓராண்டு ஓடிய பழைய மேவரிக், புதியதன் அறிவிப்பு விலையைவிட அதிகத்துக்குக் கைமாறிய காலம் அது.

சிறிய டிரக்கை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது. ஃபோர்டின் பழைய சிறிய டிரக்கான ரேஞ்சரை உருவாக்கிய மினசோட்டாவின் செயின்ட் பால் ஆலையை 2011 டிசம்பரில் மூடியபோதும் இதே பேச்சுதான். பத்து ஆண்டுகள் கழித்து வந்த வரிசை அந்தப் பேச்சைப் பொய்யாக்கியது. கூடவே அந்த வரிசை ஃபோர்டுக்கு இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது: வண்டியின் விலையைக் குறைவாக வைத்துவிட்டோம் என்பதை.

விலை ஏறிய விதம்

2023 மாடலில் தொடக்க விலை 22,000 டாலரைத் தாண்டியது. 2024 மாடலில் இன்னும் நுணுக்கமான வேலை நடந்தது. அதுவரை அடிப்படையாக இருந்த ஹைப்ரிட், 1,500 டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் விருப்பத் தேர்வாக மாறியது. பெட்ரோல் டர்போ அடிப்படை ஆனது. ஜனங்கள் எதற்காக வரிசையில் நின்றார்களோ அதற்கே தனி விலைச்சீட்டு. 2025 மாடலில் ஹைப்ரிட் மீண்டும் அடிப்படைக்கு வந்தது. ஆனால் வண்டியின் தொடக்க விலை 26,295 டாலர் ஆகியிருந்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், எடுக்கும்போது ஏற்றிய விலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 வண்டியில் திரை 13.2 அங்குலம். ஹைப்ரிட்டோடு நான்கு சக்கர இயக்கமும் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. சில நூறு டாலர் அதில் போயிருக்கும். ஆனால் அந்தத் திரையைக் கேட்டது யார் என்பது வேறு விஷயம். இரும்புச் சக்கரத்தையும் திருகு சாவியையும் பார்த்துத்தானே 36,000 பேர் வந்தார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக இந்த வண்டியின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

சிப் தட்டுப்பாடு. 2021-ல் அது உண்மையான நெருக்கடி. ஃபோர்டு முடிக்கப்படாத பெரிய டிரக்குகளைக் கென்டக்கியின் பந்தயத் திடலில் வரிசையாக நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. 2023-க்குள் அது பெருமளவு தளர்ந்துவிட்டது.

எஃகு. அமெரிக்காவில் எஃகுத் தகட்டின் விலை 2021 செப்டம்பர் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, 2022 இறுதிக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. மேவரிக்கின் விலை அதோடு சேர்ந்து இறங்கவில்லை.

தொழிலாளர் கூலி. 2023 இலையுதிர் காலத்தில் வாகனத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, நாலரை ஆண்டு ஒப்பந்தத்தில் 25 சதவீத ஊதிய உயர்வை வென்றது. டிரக் விலை உயர்வுக்கு அதைக் காரணம் காட்டும் பேச்சு இன்றும் ஓய்ந்தபாடில்லை. மேவரிக் தயாராவது மெக்சிகோவின் சொனோரா மாநிலத்து ஹெர்மோசில்லோ ஆலையில். அமெரிக்கச் சங்கத்தின் ஒப்பந்தம் அங்கே செல்லாது.

போதிய உற்பத்தி இல்லை என்பது. 2022-ல் சுமார் 74,000 மேவரிக்குகள் விற்றன, 2023-ல் 94,000, 2024-ல் 1,31,000-க்கு மேல். 2023-ல் ஹெர்மோசில்லோவில் மூன்றாவது ஷிப்டும் தொடங்கியது. வண்டி வரத்து கூடக் கூட விலையும் கூடிக்கொண்டே போனது. தட்டுப்பாட்டால் ஏறிய விலை, தட்டுப்பாடு தீர்ந்ததும் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா?

ஆக, செலவுக் கணக்கில் மட்டும் விடை இல்லை. ஏறிய விலையைக் கீழே இழுக்கச் சந்தையில் யாரும் இல்லை என்பதுதான் என் வாதம். ஏன் இல்லை என்பதற்கு அறுபது ஆண்டுப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அது கோழியில் தொடங்குகிறது.

கோழி வரி

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழிகள் மலிவாக ஐரோப்பாவுக்குள் புகுந்தன. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அவற்றின் மேல் வரியை ஏற்றியது. பேச்சுவார்த்தை பலிக்காமல் போக, 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தார். உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்கின் இறக்குமதிக்கும் 25 சதவீத வரி. டிரக் அந்தப் பட்டியலில் வந்ததற்குக் காரணம் ஃபோக்ஸ்வாகனின் வேன்கள்.

மற்ற மூன்றின் மேல் போட்ட வரி காலப்போக்கில் விலகிவிட்டது. டிரக் வரி மட்டும் போகவில்லை. கோழிச் சண்டை போட்டவர்கள் எல்லாம் மறைந்த பிறகும் அது இருக்கிறது. பயணிகள் காருக்கு நீண்ட காலம் 2.5 சதவீத வரியே இருந்தது. பிக்கப்புக்கு மட்டும் அதைப் போலப் பத்து மடங்கு.

இந்த மதிலைத் தாண்ட நடந்த முயற்சிகளைத் தொகுத்தால் தனி நகைச்சுவைப் புத்தகமே எழுதலாம். ஜப்பானியச் சிறிய டிரக்குகள் பின்தொட்டி இல்லாமல் ஓட்டுநர் அமரும் முன்கூடும் சட்டகமும் மட்டுமாக 4 சதவீத வரியில் இறங்கி, துறைமுகம் தாண்டியதும் தொட்டியைப் பூட்டிக்கொண்டன. 1980-ல் அந்த வழி அடைபட்டது. சுபாரு தன் பிராட் வண்டியின் திறந்த தொட்டியில் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைத் திருகி, இது பயணிகள் வாகனம் என்றது. ஃபோர்டே சளைத்ததில்லை. துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் இருக்கையோடு இறக்குமதி செய்து, சுங்கத்தைத் தாண்டியதும் இருக்கையைப் பிடுங்கிச் சரக்கு வேனாக விற்றது. அந்த வழக்கை முடிக்க 2024 மார்ச்சில் 36.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. மதிலால் அதிகம் லாபமடைகிறவர்களில் ஒருவரே அதில் ஏறிக் குதித்து மாட்டிக்கொண்டார்.

2018-ல் கொரியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தைத் திருத்தியபோதும், கொரிய டிரக்குகளின் மேல் இருந்த இந்த வரியை 2041 வரை நீட்டித்தார்கள். அதனால் கொரியாவின் ஹூண்டாய் தன் சிறிய பிக்கப்பான சான்டா குரூஸை அமெரிக்காவின் அலபாமாவில் தயாரித்தது. மேவரிக்குக்கு நேர்ப் போட்டி என்று சொல்லக்கூடிய ஒரே வண்டி அதுதான். அதுவும் மேவரிக்கைவிட விலை கூடுதலாகவே தொடங்கியது. கீழிருந்து விலையை நெருக்குபவர் எவரும் இல்லை.

டொயோட்டா 2023 இறுதியில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்ற எளிய பிக்கப்பை 4,59,000 பாட் விலையில் விற்கத் தொடங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 13,000 டாலர். அமெரிக்கப் பாதுகாப்பு, புகை விதிகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பதால் அந்த விலை அப்படியே கடல் தாண்டாது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் 25 சதவீத வரி இருக்கும்வரை அந்த மாற்றங்களைச் செய்துபார்க்கக்கூட யாருக்கும் காரணம் இல்லை.

சிறியது வளர விடாத விதிகள்

மதில் வெளியாட்களைத் தடுத்தது. உள்ளே இருந்தவர்கள் ஏன் சிறிய டிரக் செய்யவில்லை?

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-ல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம், கார்களுக்கும் இலகு டிரக்குகளுக்கும் வேறு வேறு அளவுகோல் வைக்க வழிவிட்டது, டிரக்குக்குத் தளர்வு. பின்னர் 2011 மாடல் ஆண்டுக்குள், சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பளவை வைத்து இலக்கு நிர்ணயிக்கும் முறை முழுமையாக வந்தது. நான்கு சக்கரங்களும் அடைக்கும் பரப்பு பெரிதானால் இலக்கு எளிது, சிறிதானால் கடினம். சிறிய டிரக் செய்கிறவர் கடினமான பரீட்சை எழுத வேண்டும், லாபமும் குறைவு. மேவரிக் ஹைப்ரிட்டாகவே பிறந்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும்.

வருமான வரியும் அதே பக்கம்தான் சாய்கிறது. தொழிலுக்கு வாங்கும் வாகனத்தின் மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டுக்கு மேல் இருந்து, சரக்குத் தொட்டி குறைந்தது ஆறு அடி நீளமாக இருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 179-ஆம் பிரிவின்கீழ் விலையை முதல் ஆண்டிலேயே செலவாகக் கழித்துக்கொள்ளத் தாராளமாக இடமுண்டு. நான்கரை அடித் தொட்டியுள்ள இலகுவான வண்டிக்குப் பொதுவாக ஆண்டுக்கு இவ்வளவுதான் கழிக்கலாம் என்ற உச்சவரம்பு வந்து நிற்கும். குழாய் வேலை செய்கிற ஒருவரின் கணக்காளர் ‘பெரியதாகவே வாங்கிவிடுங்கள்’ என்று சொன்னால் அவர் தவறான ஆலோசனை சொல்லவில்லை. வேலைக்குப் போதுமான சிறிய வண்டியை விட்டுத் தேவைக்கு மேல் பெரிய வண்டி வாங்கினால் அரசாங்கம் செலவில் பங்கெடுக்கிறது.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் எரிபொருள் சிக்கன விதியை மீறுவதற்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. விதிகளால்தான் விலை ஏறுகிறது என்று முழங்கியவர்களின் வாதப்படி அதன் பிறகு விலை இறங்கியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில்தான் சராசரி விலை 50,000 டாலரைத் தாண்டியது. புதிய வண்டியைத் திட்டமிடப் பல ஆண்டுகள் ஆகும், உடனே எதுவும் தெரியாது என்பது உண்மை. ஆனால் செலவு குறைந்தால் விலை தானாகக் குறையும் என்று நம்ப எனக்குக் காரணம் போதவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வண்டி

விலை இறங்கவே இறங்காது என்பதல்ல. அதே கம்பெனியின் இன்னொரு டிரக், எஃப்-150 லைட்னிங், அதற்குச் சாட்சி. அது மின்சார வண்டி.

2021 மே மாதத்தில் லைட்னிங் புரோ வகைக்கு அறிவித்த விலை 39,974 டாலர். 2022 ஆகஸ்டில் 46,974. அக்டோபரில் 51,974. டிசம்பரில் 55,974. 2023 மார்ச்சில் 59,974. இரண்டு ஆண்டுக்குள் சரியாக 20,000 டாலர் ஏற்றம். ஒவ்வொரு முறையும் மூலப்பொருள் விலையைக் காரணம் காட்டினார்கள். 2022-ல் பேட்டரிக்கான லித்தியத்தின் விலை எகிறியது உண்மைதான்.

2023 ஜூலை 17-ஆம் தேதி விலை ஒரே நாளில் 49,995 டாலருக்கு இறங்கியது. ஏறத்தாழ 10,000 டாலர் வெட்டு. மிச்சிகனின் டியர்பார்ன் ஆலை விரிவாக்கமும் மூலப்பொருள் விலைச் சரிவும் காரணம் என்றது ஃபோர்டு. இருக்கலாம். ஆனால் காலண்டரைப் பார்த்தால், அதற்கு இரண்டு நாள் முன்புதான் டெஸ்லா தன் முதல் சைபர்டிரக்கை டெக்சாஸ் ஆலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே டெஸ்லா மற்ற மாடல்களின் விலையை வெட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு மின்சார டிரக் கம்பெனியான ரிவியனும் களத்தில் இருந்தது. விற்காத லைட்னிங்குகளும் டீலர் முற்றத்தில் சேரத் தொடங்கியிருந்தன.

இங்கேதான் இரண்டு வண்டிகளின் கதையும் பிரிகிறது. மின்சார டிரக்கில் உள்நாட்டிலேயே போட்டியாளர் வந்தார், விலை இறங்கியது. சின்ன டிரக்கில் எவரும் வரவில்லை, எஃகு மலிந்தும் விலை இறங்கவில்லை. (சைபர்டிரக்கின் கதையும் சோகமே. 2019-ல் 39,900 டாலர் என்று சொன்னதை 2023 நவம்பரில் 60,990 டாலர் என்று மாற்றிவிட்டார்கள். ஃபோர்டோ 2025 டிசம்பரில் முழு மின்சார லைட்னிங்கையே நிறுத்துவதாக அறிவித்தது.)

டீலரின் முற்றத்தில்

அறிவிப்பு விலை என்பது பரிந்துரை மட்டும்தான். பல மாநிலச் சட்டங்கள் ஃபோர்டு போன்ற கம்பெனிகள் நேரடியாக விற்பதைத் தடுக்கின்றன. வண்டி டீலருடைய சொத்து, அவர் வைப்பதுதான் விலை. 2022-ல் மேவரிக்கின் ஜன்னலில் கம்பெனியின் விலைத் தாளுக்குப் பக்கத்தில் டீலரின் இரண்டாவது தாள் ஒன்றும் ஒட்டப்பட்டிருப்பது சாதாரணமாக இருந்தது. அதில் ‘சந்தைச் சரிக்கட்டல்’ என்ற பெயரில் சில ஆயிரம் டாலர் இருக்கும். அதற்குக் கீழே டயரில் நைட்ரஜன், கதவு ஓரப் பட்டை, பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு. சாதாரணக் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

கம்பெனியின் தாளிலேயே கடைசி வரியில் வண்டி அனுப்பும் கட்டணம் இருக்கும். ஆலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் எவ்வளவு தள்ளி இருந்தாலும் அதே தொகை. தள்ளுபடிக்கு அதில் இடமில்லை. விளம்பர விலையிலும் அது சேராது. 19,995 என்ற அந்தப் புகழ்பெற்ற எண்ணோடு 1,495 சேர்ந்து உண்மையில் 21,490 டாலர் ஆனது. எஃப்-150-க்கு இந்தக் கட்டணம் இப்போது 2,500 டாலருக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலைக்கு இன்னும் வரவில்லை. போகிற திசை அதுதான். தொடக்க விலையைத் தொடாமல் வருமானத்தைக் கூட்ட இதைவிடச் சத்தமில்லாத வழி இல்லை.

தவணை என்ற திரை

இவ்வளவு ஏறியும் மக்கள் எப்படி வாங்குகிறார்கள்? அமெரிக்க டீலர்களிடம் வண்டியின் விலையைக் கேட்டால் பதில் பெரும்பாலும் இன்னொரு கேள்வியாகத்தான் வரும்: மாதம் எவ்வளவு கட்ட முடியும்? அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நொடியில் பேரம் கை மாறிவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2021-ல் 21,490 டாலர் முழுவதையும் 4 சதவீத வட்டிக்கு 72 மாதக் கடனாக எடுத்தவரின் மாதத் தவணை சுமார் 336 டாலர். 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கி, பூஜ்யத்தை ஒட்டியிருந்ததை 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. புதிய வாகனக் கடன் 7 சதவீத வாக்கில் வந்து நின்றது. இன்று அனுப்பும் கட்டணமும் சேர்த்து 30,000 டாலர் என்று வைத்தால், அதே 72 மாதத்துக்குத் தவணை 511 டாலர். விலை உயர்வு 40 சதவீதம். தவணை உயர்வு 52 சதவீதம்.

தவணை கனத்தால் டீலர் மேசையில் தயாராக இருக்கும் மருந்து, மாதங்களைக் கூட்டுவது. பெரிய டிரக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 65,000 டாலர் வண்டி, 7 சதவீதம், 72 மாதம்: தவணை சுமார் 1,108 டாலர். 84 மாதமாக நீட்டினால் 981. ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது, கையெழுத்துப் போடலாம். மொத்தமாகக் கட்டுவது மட்டும் ஏறக்குறைய 79,800-லிருந்து 82,400 ஆகிறது. ஏழு ஆண்டுக் கடனின் முதல் சில ஆண்டுகளில் வண்டியின் சந்தை மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருக்கும் வாய்ப்பு பெரிது. அந்த நேரத்தில் விற்றால் கைக்குப் பணம் வராது, கைப்பணம்தான் போகும். அந்தப் பாக்கியையும் அடுத்த வண்டியின் கடனில் சேர்த்துவிடுவது அங்கே சர்வசாதாரணம்.

புதிய வாகனம் வாங்குவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இப்போது மாதம் 1,000 டாலருக்கு மேல் தவணை கட்டுகிறார். முன்பு சொன்ன 2025 ஜூலைச் சட்டம், அமெரிக்காவில் பூட்டிய புதிய வாகனத்தின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள 2028 வரை அனுமதித்திருக்கிறது. மெக்சிகோவில் தயாராகும் மேவரிக்குக்கு அது கிடையாது. மிச்சிகனிலோ மிசூரியிலோ தயாராகும் எஃப்-150-க்கு உண்டு. மறுபடியும் பெரிய வண்டியின் பக்கம்.

2025-ன் புதிய வரி

அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் செய்துகொண்ட வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் தயவில்தான் மேவரிக் கோழி வரியிலிருந்து தப்பி வந்தது. 2025 ஏப்ரல் 3 முதல் இறக்குமதி வாகனங்கள் எல்லாவற்றுக்கும் 25 சதவீதக் கூடுதல் வரி வந்தபோது அந்தப் பக்கவாசலும் பாதி மூடியது. ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வண்டியில் அமெரிக்க உதிரிபாகத்தின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி. மே மாதத்தில் மெக்சிகோவில் தயாராகும் மேவரிக், பிரான்கோ ஸ்போர்ட், மாஸ்டாங் மாக்-இ மூன்றுக்கும் 2,000 டாலர் வரை விலை ஏற்றப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 26,295-லிருந்து 28,000-ஐத் தாண்டிய கடைசிப் பாய்ச்சல் இதுதான்.

ஆனால் இதற்கு முன்பே, வரி எதுவும் இல்லாத நாட்களிலேயே, 6,300 டாலர் ஏறிவிட்டது. பணவீக்கத்தின் பங்கை ஒதுக்கினால் மிஞ்சும் தொகையில் ஒரு பாதி கம்பெனியின் முடிவு, ஒரு பாதி 2025-ன் வரி என்று தோராயமாகப் பிரிக்கலாம். நான் கேட்ட நான்காயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்த கணக்கு இவ்வளவே. வரியின் பங்கை எல்லோரும் பேசுகிறார்கள். முதல் பாதியைப் பற்றிப் பேச்சே காணோம்.

இனி வரக்கூடியவை

2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புதிய கம்பெனி, மத்திய அரசின் வரிச்சலுகையைக் கழித்தால் 20,000 டாலருக்கும் குறைவாக ஒரு மின்சார பிக்கப் தருவதாகச் சொன்னது. இரண்டு இருக்கை, கையால் சுற்றும் கண்ணாடி, ரேடியோ இல்லை, பெயின்ட்கூட இல்லை. செப்டம்பர் 30-ல் 7,500 டாலர் வரிச்சலுகை முடிந்தது. பிறகு விலை இருபதாயிரங்களின் நடுவில் என்று பேச்சு மாறியது. ஒரு வண்டிகூட வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே விலை ஏறிவிட்ட டிரக் அது.

ஃபோர்டு தன் பங்குக்குக் கென்டக்கியின் லூயிவில்லில் 30,000 டாலர் விலையில் நடுத்தர மின்சார பிக்கப்பை 2027-ல் கொண்டுவருவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அறிவிப்பு விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள தூரத்தை லைட்னிங்கில் பார்த்தவர்கள் இந்த எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இடையில் அந்த அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்துக்கு 2026 ஜூலையில் கூட்டு மறுஆய்வு நடத்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஹெர்மோசில்லோ வண்டியின் வரி அங்கே பேசுபொருளாகலாம். வரி குறைந்தாலும் அதனால் மட்டும் மேவரிக்கின் விலை இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2022 இறுதியில் எஃகு மலிந்தபோது நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். இறங்கினால், லூயிவில் வண்டி டீலர் முற்றத்துக்கு வரும் மாதத்தைச் சுற்றித்தான் இறங்கும் என்பது என் கணிப்பு. இரண்டு வண்டியையும் விற்கப்போவது ஒரே கம்பெனி என்பதால் அதன் மேல் பந்தயம் கட்ட மட்டும் நான் தயாரில்லை.